பக்கத்து சீட்டில் கேட்க முடியாத வாசகர்

மென்பொருள் நிறுவனங்களில் ஆவணம் எழுதுவது பெரும்பாலும் கடைசி நாள் வேலை. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஏதாவது புரியவில்லை என்றால் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வார். டீ குடிக்கப் போகும்போது விசாரிப்பார். பழைய மெயில்களைத் தோண்டுவார். ஆவணத்தில் உள்ள ஓட்டைகளை மனிதர்கள் இப்படியே அடைத்து வந்ததால், ஓட்டை இருப்பதே யாருக்கும் உறைக்கவில்லை.

இப்போது அந்த ஆவணத்தைப் படித்து டூலை இயக்க வருவது ஏஐ ஏஜென்ட். அதற்குப் பக்கத்து சீட் கிடையாது. நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் படிக்கும். எழுதாமல் விட்டதை ஊகிக்கும். ஊகம் சரியாக அமைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால் 500 ரூபாய் போகவேண்டிய வாடிக்கையாளருக்கு 5 ரூபாய் போய்ச் சேரும். ஆகவே ஒரு டூலைப் பற்றி உங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்தும் எங்கும் எழுதப்படாமல் இருப்பது எது என்று தேடிப் பிடித்து எழுதுவதுதான் இந்த வேலையின் உயிர். புரோகிராமர், டெஸ்டர், சப்போர்ட்டில் இருப்பவர், டெக்னிக்கல் ரைட்டர் என யார் வேண்டுமானாலும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஏஜென்ட் கண்ணில் படுவது எது?

2023 ஜூனில் ஓபன்ஏஐ தன் ஏபிஐயில் 'ஃபங்ஷன் காலிங்' வசதியைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது, சுருக்கமாக எம்சிபி. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், சாதாரண மொழியில் ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடுகள் வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. ஏஜென்ட்டை இயக்கும் மாடல் இந்த மூன்றையும் படித்துவிட்டு, எந்த டூலை எந்த மதிப்புகளோடு அழைக்க வேண்டும் என்று எழுதித் தரும். அதை இயக்குவது உங்கள் புரோகிராம். டூலின் உள்ளே ஓடும் புரோகிராம் கோடு மாடலின் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த விளக்கங்கள் மாடல் படிக்கும் இடத்தில், பயனரின் கேள்வியோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். ஐம்பது டூல்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினால் இடமும் போகும், செலவும் ஏறும், கவனமும் சிதறும். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் நீளத் தாளை யாரும் படிப்பதில்லை; மருந்துக் கடைக்காரர் கவரின் மேல் '1-0-1, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதித் தருவதை வைத்துத்தான் மாத்திரை போட்டுக்கொள்கிறோம். ஏஜென்ட்டுக்கு எழுதுவது அந்தக் கவர் எழுத்தைப் போன்றது. ஒரு சொல் விட்டுப்போனாலும் ஆபத்து, பத்துச் சொல் கூடினாலும் பயனில்லை.

எவ்வளவு எழுதலாம்? ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியங்கள் என்பது ஆந்த்ரோபிக் தன் ஆவணத்தில் சொல்லும் அளவு. படிக்க மட்டும் செய்கிற எளிய டூலுக்கு அதுவே தாராளம். பணத்தையோ தரவையோ தொடுகிற டூலுக்குக் கூடுதலாக எழுதத் தயங்கக் கூடாது.

ஒரு டூலை எடுத்துத் திருத்துவோம்

இணையக் கடை ஒன்றின் சப்போர்ட் ஏஜென்ட்டுக்கு ஒரு டூல் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர்: ரீஃபண்ட். விளக்கம்: 'ஆர்டருக்குப் பணத்தைத் திருப்பித் தரும்.' உள்ளீடுகள்: ஐடி, தொகை.

இதை எழுதியவருக்கு எல்லாம் தெளிவாகவே இருந்திருக்கும். படிப்பவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த ஐடி? ஆர்டருடையதா, பேமென்ட்டுடையதா? தொகை ரூபாயிலா, பைசாவிலா? தொகையைக் கொடுக்காமல் விட்டால் முழுப் பணமும் போகுமா, பிழை வருமா? பொருள் இன்னும் கிடங்கைவிட்டே கிளம்பாத ஆர்டருக்கும் இதுதானா? கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கியவருக்கு? அழைத்த பிறகு பதில் வராமல் இணைப்பு அறுந்தால் மறுபடி அழைக்கலாமா, அழைத்தால் இரண்டு முறை பணம் போய்விடாதா? இரண்டு வருடம் அந்தக் குழுவில் இருந்தவர் எவரும் இத்தனைக்கும் நொடியில் விடை சொல்லிவிடுவார். அந்த விடைகளைத்தான் எழுத வேண்டும்.

திருத்திய விளக்கம் இப்படி இருக்கலாம்:

'வாடிக்கையாளர் செலுத்திய தொகையை, முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ, அவர் செலுத்திய அதே வழியில் திருப்பி அனுப்பும். இன்னும் அனுப்பப்படாத ஆர்டருக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு ஆர்டர் ரத்து டூல் இருக்கிறது, பணத்தையும் அதுவே திருப்பிவிடும். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டருக்கு இது செல்லாது. பேமென்ட் ஐடி: ஆர்டர் விவரம் டூலின் விடையில் கிடைக்கும், ஆர்டர் எண்ணை இங்கே கொடுக்கக் கூடாது. தொகை: பைசாவில், முழு எண்ணாக, 499 ரூபாய்க்கு 49900. தொகையைக் கொடுக்காவிட்டால் மீதமுள்ள தொகை முழுவதும் திரும்பும். ஒருமுறை அனுப்பியதை ரத்து செய்ய முடியாது. பதில் வராவிட்டால் மறுபடி அழைக்கும் முன் ரீஃபண்ட் நிலை டூலில் சரிபார்க்கவும்.'

பெயரையும் 'பேமென்ட் ரீஃபண்ட்' என்று மாற்றுங்கள். 'ஐடி' என்ற உள்ளீட்டைப் 'பேமென்ட் ஐடி' ஆக்குங்கள். 'தொகை' என்பதைத் 'தொகை பைசாவில்' ஆக்குங்கள். விளக்கத்தைச் சரியாகப் படிக்காத மாடல்கூட உள்ளீட்டின் பெயரைப் படிக்காமல் தப்ப முடியாது.

அந்த விளக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்கள். ஒரு டூலை எப்போது பயன்படுத்தக் கூடாது, அப்போது வேறு எதை எடுக்க வேண்டும் என்று சொல்வது. பெரும்பாலான ஆவணங்கள் டூல் என்ன செய்யும் என்பதோடு நின்றுவிடுகின்றன. 'வாடிக்கையாளர் தேடு', 'கணக்கு தேடு', 'பயனர் தேடு' என்று மூன்று டூல் இருக்கும். மூன்றுமே 'தேடித் தரும்' என்று சொல்லும். மனிதருக்கே குழப்பம் என்றால் ஏஜென்ட் என்ன செய்யும்? எல்லைக்கோட்டை எழுதுங்கள். எழுதும்போது எல்லையே இல்லை என்று தெரிந்தால், மூன்றை ஒன்றாக்கச் சொல்லிப் புரோகிராமரிடம் போய் நில்லுங்கள். நல்ல ஆவணம் எழுதப் போனவர் டூலையே மாற்றவைப்பது இந்த வேலையில் அடிக்கடி நடப்பதுதான், நடக்கவும் வேண்டும்.

அலகு, தேதி, பெயர்

ஊகம் அதிகம் தவறுகிற இடங்கள் இவை. ரேஸர்பே ஏபிஐயில் தொகையைப் பைசாவில் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரைப்பிலும் நாணயத்தின் மிகச் சிறிய அலகுதான் கணக்கு. 10 டாலருக்கு 1000 என்று அனுப்ப வேண்டும். ஆனால் ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை கிடையாது, ஆகவே 10 யென்னுக்கு 10 மட்டுமே. 'தொகையை நூறால் பெருக்கு' என்று பொதுவாக எழுதி வைத்தால் ஜப்பானிய வாடிக்கையாளரிடம் நூறு மடங்கு வசூலாகும். விதியோடு விதிவிலக்கையும், இரண்டுக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் கொடுப்பதே பாதுகாப்பு.

03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. '2025-04-03 என்ற வடிவில்' என்று எழுதினால் சண்டை தீர்ந்தது. நேரம் என்றால் இந்திய நேரமா, யூடிசியா என்பதையும் சொல்லுங்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் 'இன்றைய ஆர்டர்கள்' என்பதே வேறு பட்டியலாகிவிடும்.

பெயருக்கு வருவோம். 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டும் கட்டாயம் என்று பல டூல்கள் கேட்கின்றன. இனிஷியலோடு ஒற்றைப் பெயர் வைத்திருக்கும் தமிழருக்குக் கடைசிப் பெயர் எது? ஒரு ஏஜென்ட் இனிஷியலைப் போடும், இன்னொன்று அப்பா பெயரைக் கேட்டு வாங்கிப் போடும், மற்றொன்று அதே பெயரை இரண்டு முறை போடும். விமான டிக்கெட் போன்ற இடங்களில் இது பயணியைக் கவுன்டரில் தவிக்கவிடும். 'பயண ஆவணத்தில் உள்ளபடி; குடும்பப் பெயர் இல்லாதவருக்கு இன்னபடி நிரப்பவும்' என்ற ஒரு வரியை எழுத, இந்தச் சிக்கலை வாழ்க்கையில் பட்டறிந்த நம்மைவிடத் தகுதியானவர் யார்?

ஸ்கீமாவால் கட்டுப்படுத்த முடிந்ததை வாக்கியத்தில் கெஞ்ச வேண்டாம். நிலை என்பது மூன்று மதிப்புகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்றால் ஸ்கீமாவிலேயே அந்த மூன்றையும் பட்டியலிடுங்கள். வாக்கியத்தை அந்த மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று சொல்லச் செலவிடுங்கள்.

பிழைச் செய்தியும் ஆவணமே

ஏஜென்ட் தவறாக அழைத்துவிட்டது. டூல் '400 பேட் ரிக்வெஸ்ட்' என்று சொல்கிறது. இதை வைத்து அது என்ன கற்றுக்கொள்ளும்? எதையாவது மாற்றி மறுபடி முட்டும். அதற்குப் பதிலாக, 'கேட்ட தொகை 49900. திருப்பித் தர மீதமிருப்பது 20000. 20000 அல்லது குறைவான தொகையைக் கொடுக்கவும்' என்று சொன்னால் அடுத்த அழைப்பிலேயே சரியாகிவிடும். என்ன தவறு, எது ஏற்கப்படும், அடுத்து என்ன செய்யலாம் என்ற மூன்றும் செய்தியில் இருக்க வேண்டும். மனிதர் கையேட்டைப் படிக்காவிட்டாலும் பிழைச் செய்தியைப் படித்தே தீருவார், ஏஜென்ட்டும் அப்படித்தான். தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் கண்ணில் படுகிற ஆவணம் அது.

2024இல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய 'எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட்' என்ற, புரோகிராம் பிழைகளைத் திருத்தும் ஏஜென்ட் இதற்கு நல்ல பாடம். அதில் கோப்பை மொத்தமாகக் கொட்டாமல் 100 வரிகளாகக் காட்டினார்கள். திருத்தத்தில் புரோகிராம் மொழியின் இலக்கணப் பிழை இருந்தால் அதை ஏற்காமல் காரணம் சொன்னார்கள். ஒரு கட்டளை எந்த வெளியீடும் தராமல் முடிந்தால், வெற்றிகரமாக ஓடியது, வெளியீடு எதுவும் இல்லை என்று வெளிப்படையாகத் தெரிவித்தார்கள். மௌனத்தை வெற்றி என்று படிக்க யூனிக்ஸ்காரர்களுக்குப் பழக்கம் உண்டு. ஏஜென்ட்டுக்கு அந்த மௌனத்தைச் சொல்லாக்கித் தர வேண்டியிருந்தது.

விடையின் வடிவத்துக்கும் இதே நியாயம். வெற்றுப் பட்டியல் வந்தால் 'எதுவும் இல்லை' என்று பொருளா, 'பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று பொருளா? முதல் 20 மட்டும் வந்திருக்கிறது என்றால் இன்னும் இருக்கிறது என்று விடையே சொல்கிறதா? இதை எழுதாமல் விட்டால், ஏஜென்ட் 20ஐ மொத்தம் என்று நம்பி உங்கள் மேலாளருக்கு அறிக்கை தந்துவிடும்.

டெர்மினலில் ஓடும் டூல்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 'தொடரலாமா? ஆம்/இல்லை' என்று கேட்டுக் காத்திருக்கும் கட்டளை முன்னால் ஏஜென்ட்டும் காத்தே கிடக்கும். கிட்டின் 'லாக்' கட்டளை திரையில் பக்கம் பக்கமாகக் காட்டும் பேஜரைத் திறப்பதும் அப்படித்தான். 'நோ-பேஜர்' தேர்வு எதற்கு இருக்கிறது என்று உதவிப் பக்கத்தில் எடுத்துக்காட்டோடு இருந்தால் ஒரு வரியில் தீரும். கேள்வி கேட்காமல் ஓடும் வழி, ஜேசனில் விடை தரும் வழி, எந்த எக்ஸிட் கோடுக்கு என்ன பொருள் ஆகியவை உதவிப் பக்கத்தின் மேலேயே இருக்கட்டும். 1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே, யூனிக்ஸை உருவாக்கிய தாம்சனும் ரிச்சியும் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றோடு 'பிழைகள்' என்றும் ஒரு தலைப்பு வைத்து, தெரிந்த குறைகளை எழுதினார்கள். அந்த நேர்மையை நாம் இடையில் தொலைத்துவிட்டோம். ஏஜென்ட்டுகளுக்காக மீட்டெடுக்க வேண்டியது முதலில் அந்தத் தலைப்பைத்தான்.

எழுதினால் போதாது, ஓட்டிப் பாருங்கள்

உண்மையான பயனர்கள் பேசுகிற மொழியில் ஒரு இருபது கோரிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'பேமென்ட் ஐடி இன்னதுக்கு ரீஃபண்ட் செய்' என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை. 'சட்டை சைஸ் சரியில்ல, காசு எப்ப வரும்?' என்றுதான் கேட்பார். அதையே கொடுங்கள். பரிசோதனைத் தரவில் ஏஜென்ட்டை ஓடவிட்டு, இறுதி விடையை மட்டும் பார்க்காமல் அது எடுத்த ஒவ்வொரு அடியையும் பதிவில் படியுங்கள். எந்த டூலை முதலில் எடுத்தது, எந்த மதிப்பை ஊகித்தது, எங்கே இரண்டு முறை முட்டியது என்பதெல்லாம் அங்கே தெரியும்.

இந்தப் படிப்புக்கு ஈடு இல்லை. ஆந்த்ரோபிக் தன் இணையத் தேடல் டூலைக் கொண்டுவந்தபோது, அதன் மாடலான கிளாட் தேவையில்லாமல் தேடல் சொற்களோடு '2025' என்று சேர்த்துக்கொண்டே இருந்தது. டூல் விளக்கத்தைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள். கோப்புகளைத் திருத்தும் அவர்களுடைய ஏஜென்ட் ஒன்று, வேறு கோப்புறைக்கு நகர்ந்த பிறகு பாதைகளைத் தவறாகக் கொடுத்தது. அங்கே விளக்கத்தை நீட்டாமல், எப்போதும் முழுப் பாதையையே கேட்கும்படி டூலை மாற்றினார்கள், தவறு நின்றது. ஒரே இடத்தில் ஏஜென்ட் திரும்பத் திரும்பத் தடுக்கினால் மாடலைத் திட்டுவதை விட்டுவிட்டு, முதலில் டூலின் வடிவத்தையும் பிறகு அதன் விளக்கத்தையும் சந்தேகியுங்கள்.

திருத்தியதும் அதே இருபதையும் மறுபடி ஓட்டுங்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய் வேறு ஒன்று கெடுவது உண்டு. விளக்கத்தைக் கோடு இருக்கும் அதே இடத்தில் வையுங்கள்; டூலை மாற்றும் புல் ரிக்வெஸ்ட்டிலேயே விளக்கமும் மாறட்டும். பைத்தானின் 'டாக்டெஸ்ட்' ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளையே ஓட்டிப் பார்த்து, பழசானால் காட்டிக்கொடுக்கும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். மாடல் டூல் விளக்கத்தைக் கட்டளை போலவே எடுத்துக்கொள்ளக்கூடும். வெளியார் தந்த எம்சிபி டூலின் விளக்கத்துக்குள் திருட்டுக் கட்டளையை ஒளித்துவைக்க முடியும் என்று 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் செய்து காட்டியது. வெளியிலிருந்து எடுக்கும் டூல்களின் விளக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் டூலில் 'மேலாளர் அனுமதி இல்லாமல் 10,000 ரூபாய்க்கு மேல் அனுப்பாதே' என்று எழுதுவது நல்லதுதான். ஆனால் அந்தத் தடை கோடிலும் இருந்தே ஆக வேண்டும். எம்சிபியில் 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' என்று டூலுக்குக் குறி போடும் வசதி உண்டு; அவையும் குறிப்புகள் மட்டுமே, பூட்டு ஆகாது.

இதை வேலையாக்குவது எப்படி?

உங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு டூலை எடுங்கள். அது பற்றி வந்த சப்போர்ட் டிக்கெட்டுகளையும் சாட்டில் ஆட்கள் கேட்ட கேள்விகளையும் திரட்டுங்கள். ஒருவருக்கு மேற்பட்டவர் கேட்ட எதுவும் ஆவணத்தில் இல்லாத ஒன்றைக் காட்டுகிறது. டெஸ்டர்களுக்கு இதில் இயல்பான சாதகம் உண்டு; 'இதைக் காலியாக விட்டால் என்ன ஆகும்' என்று கேட்பதையே தொழிலாகச் செய்தவர்கள் அவர்கள். சப்போர்ட்டில் இருப்பவர்களுக்கு, எங்கே மக்கள் தடுமாறுவார்கள் என்பது மனப்பாடம். இந்த இரண்டு அறிவையும் நிறுவனங்கள் இதுவரை போதுமான அளவு மதித்ததில்லை.

தமிழ் வழியில் படித்து வந்த பலர் ஆங்கிலத்தில் எழுதும் வேலை என்றதும் ஒதுங்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். இங்கே அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. இந்த எழுத்துக்கு அலங்கார ஆங்கிலம் கெடுதல். சிறிய வாக்கியம், ஒரு பொருளுக்கு எப்போதும் ஒரே சொல், சந்தேகத்துக்கு இடமில்லாத எடுத்துக்காட்டு ஆகிய மூன்றும் போதும். முதல் வரியில் 'கஸ்டமர்', மூன்றாம் வரியில் 'கிளையன்ட்', ஐந்தாம் வரியில் 'யூசர்' என்று அழகுக்கு மாற்றி எழுதுபவரைவிட, ஒரே சொல்லைப் பிடிவாதமாக எழுதுபவர் இதில் சிறந்த எழுத்தாளர்.

மேலாளரிடம் நேரம் கேட்கும்போது 'ஆவணத்தை மேம்படுத்த வேண்டும்' என்று தொடங்காதீர்கள்; அந்த வாக்கியத்துக்கு எந்த நிறுவனத்திலும் நேரம் ஒதுக்கியதில்லை. ஏஜென்ட் தவறிய பதிவு ஒன்றைத் திறந்து காட்டுங்கள். எந்த வரி இல்லாததால் தவறியது என்று காட்டுங்கள். அந்த வரியைச் சேர்த்து ஓட்டிய பதிவைப் பக்கத்தில் வையுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கும் இதே பதிவு ஜோடிதான் உங்கள் சான்று. அலுவலகத்து விஷயங்களை வெளியே காட்ட முடியாது என்றால் கிட்ஹப்பில் ஓப்பன் சோர்ஸ் எம்சிபி சர்வர்கள் நிறைய இருக்கின்றன. பலவற்றில் டூலுக்கு ஒற்றை வரி விளக்கம்தான். நீங்கள் தினமும் புழங்கும் சேவைக்கான ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். தடுக்கிய இடத்தில் விளக்கத்தைத் திருத்தி, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த பதிவுகளை இணைத்துப் புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். மூன்று வரி மாற்றத்துக்கு அந்த மென்பொருள் முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு டூல் எங்கே ஏமாற்றுகிறது என்று தெரிந்தால் போதும். காரணத்தோடு வரும் சின்னத் திருத்தத்தைப் படித்துப் பார்த்து ஏற்பது பராமரிப்பவருக்கும் எளிது.